அத்தை சொல்ல நான் எழுதியவை

"ரெண்டு ஸ்டார் போடு. மூணு வேணாம். மூணு போட்டா ஏதோ பரவால்லன்னு நெனச்சிக்குவாங்க."

அத்தை இதைச் சொன்ன அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. திருமுல்லைவாயில் வீட்டின் கூடத்தில், மின்விசிறிக்கு நேர் கீழே பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். நான் தரையில் சுவரோடு சாய்ந்து, வாரம் முழுக்கச் சேர்த்து வைத்திருந்த தூக்கத்தில் பாதியைத் தூங்கி எழுந்திருந்தேன். அவர் தன் போனை என் மடியில் வைத்தார். அதில் ஏதோ ஒரு தொடர்கதையின் கடைசி அத்தியாயம் முடிந்திருந்தது. அதன் கீழே ஐந்து வெற்று நட்சத்திரங்கள். அதற்கும் கீழே, கருத்தைப் பதிவிடச் சொல்லி ஒரு கட்டம்.

"என்ன எழுதணும் அத்தை?" என்றேன்.

"நான் சொல்றேன், நீ அடி. நான் சொன்னாப்லயே அடிக்கணும். உன் ஆபீஸ் தமிழெல்லாம் அதுல போடக் கூடாது."

அத்தை என் கணவரின் அம்மா. ராணுவத்துக்குச் சீருடை தைக்கும் ஆவடித் தொழிற்சாலையில் முப்பது வருடத்துக்கு மேல் தையல் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தவர். மாமனாரும் அங்கேதான் வேலை பார்த்தார்; நான் கல்யாணமாகி வருவதற்கு முன்பே இறந்துவிட்டார். தொழிற்சாலைக் குடியிருப்பில் இருந்த காலத்தில், அத்தையின் பிரிவில் வேலை செய்த பெண்கள் மாத நாவல்களைச் சுற்றுக்கு விட்டுப் படிப்பார்களாம். ஒரு புத்தகம் பன்னிரண்டு பேர் கை மாறி அத்தையிடம் வரும்போது அட்டை இருக்காது, சில சமயம் கடைசிப் பக்கமும் இருக்காது. முடிவு என்ன என்று முன்னால் படித்தவளைத்தான் கேட்க வேண்டும். அவள் சொல்லும் முடிவு பிடிக்கவில்லையென்றால், சாப்பாட்டு நேரம் முடிவதற்குள் வேறு முடிவை இவர்களே பேசிக்கொள்வார்களாம். ஓய்வுபெற்று, கண்ணில் புரை நீக்கியபின், அச்சடித்த எழுத்து அவருக்கு ஒத்துவரவில்லை. போனில் எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ள முடிந்தது. ஒரு வரிக்கு நான்கு வார்த்தை மட்டும் தெரிகிற அளவுக்குப் பெரிதாக்கி, நாளுக்கு ஒரு நாவல் வீதம் படிக்க ஆரம்பித்தார்.

படிக்க முடிந்தது, எழுத முடியவில்லை. அவருடைய வலது ஆள்காட்டி விரலை மூன்று முறை தையல் ஊசி துளைத்திருக்கிறது. நுனி காய்த்துப்போய், நகமும் கோணலாகத்தான் வளரும். போன் அந்த விரலை விரல் என்றே ஒப்புக்கொள்ளவில்லை. எத்தனை அழுத்தினாலும் எழுத்து விழாது. சொல்வதைக் கேட்டுத் தானே எழுதும் வசதியைக் காட்டிக் கொடுத்தேன். "அவன் ஊட்ல கீறான்" என்று சொன்னார். "அவன் ஊட்டியில் கீரை" என்று விழுந்தது. அத்தை சற்று நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "போனுக்கு நம்ம பேச்சு புரியல. நீயே அடிச்சிக் குடு" என்றார். அப்படித்தான் இந்த வேலை என்னிடம் வந்தது.

அன்று அவர் சொல்லி நான் அடித்த முதல் கருத்து இது: "இந்தக் கதைல ஈரோவுக்கு எட்டு கம்பெனி கீது. எட்டு கம்பெனி வெச்சிகீறவன் ஒரு நாளும் கம்பெனிக்குப் போவல. எந்நேரமும் அந்தப் பொண்ணு பின்னாடியே சுத்திக்கினு கீறான். அந்தப் பொண்ணு ஆறு வாட்டி மயக்கம் போட்டு உழுவுது. ஒரு வாட்டிகூட டாக்டராண்ட போவல. ரத்தம் கம்மியா கீதான்னு பாக்க வேணாமா. கதை வேகமா போவுது, அதுக்கு ரெண்டு ஸ்டார்." கணக்குக்கு ஒரு பெயர் வேண்டுமென்று போன் கேட்டது. சொந்தப் பெயர் வேண்டாம் என்றார். யோசித்துவிட்டு, "ரிடையர்டு டெய்லர்னு போடு" என்றார்.

அதன்பின் ஒவ்வொரு ஞாயிறும் அந்த வாரம் படித்தவற்றுக்கெல்லாம் சேர்த்துக் கருத்துச் சொல்வார். மறந்துவிடக் கூடாதென்று மனதுக்குள் வரிசையாக வைத்திருப்பார். ஒரு சரித்திர நாவலைப் பற்றிச் சொன்னது: "தஞ்சாவூர்லேர்ந்து காஞ்சிபுரம் வரிக்கும் ஒரே குதிரைல வர்றாங்க. அது தண்ணி குடிக்கல, புல்லு திங்கல. மனுசங்களும் சாப்புடல. எல்லாரும் புருவத்தத் தூக்கித் தூக்கிப் பேசறாங்க. ஆனா அந்தச் சொரங்கத்துல போற எடம் நல்லா கீது. எனக்கே மூச்சு முட்டிச்சி. மூணு ஸ்டார்." துப்பறியும் கதைகளிடம் அவருக்குக் கொஞ்சமும் இரக்கம் கிடையாது; கொலையாளி யார் என்பதைப் பாதியிலேயே கண்டுபிடித்துவிட்டால் ஒரு நட்சத்திரத்தைக் குறைத்துவிடுவார். கண்டுபிடிக்க முடியாமல் போனால், ஏமாற்றியதற்காக ஒன்றைக் குறைப்பார்.

ஒரே ஒரு முறைதான் அவர் உண்மையிலேயே கோபப்பட்டுப் பார்த்தேன். ஒரு நாவலில் கதாநாயகி தையற்காரி. கல்யாணத்துக்கு முதல் நாள் வேலைப்பாடு வைத்த ஐந்து பட்டு ரவிக்கைகளைத் தைத்து முடிக்கிறாள். விடிந்ததும் சோர்வே இல்லாமல், பனித்துளி போலப் புன்னகைக்கிறாள். "அஞ்சு பட்டு ஜாக்கெட்டு. ஒரு வாட்டிகூட பாபின்ல நூலு தீரல. ஊசி ஒடயல. முதுகு புடிக்கல. இவ எழுதறதுக்கு முன்னாடி ஒரே ஒரு டெய்லராண்ட போயி, அக்கா எப்டிக்கா தெக்கிறேன்னு கேட்டிருக்கலாம். ஒரு ஸ்டார்." அந்த எழுத்தாளரே பதில் போட்டார். 'அம்மா, இது கற்பனைக் கதை. ரசிக்கத்தான் எழுதுகிறோம்' என்று மரியாதையாகத்தான் எழுதியிருந்தார். படித்துக் காட்டினேன். "கற்பனைன்னா நூலு தீராதா?" என்றார் அத்தை. அதை மட்டும் அடிக்கச் சொன்னார். அடித்தேன். அந்த எழுத்தாளரின் வாசகிகள் சிலர், பிடிக்கவில்லையென்றால் எதற்குப் படிக்கிறீர்கள் ஆன்ட்டி என்று திட்டினார்கள். வேறு சிலர், 'டெய்லர் அம்மா' என்ன சொல்கிறார் என்று பார்ப்பதற்காகவே வர ஆரம்பித்தார்கள். இரண்டையும் அத்தை பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நான்கு நட்சத்திரம் என்பது அவரிடம் அபூர்வம். அதிகம் பேர் படிக்காத ஒரு கதைக்கு ஒருமுறை போட்டார். ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்க்கும் ஒருத்தியின் கதை. "இந்தம்மா கால் வலியோட எழுதிகீறாங்க. டூட்டி முடிச்சி ஊட்டுக்கு வந்து செருப்பக் கழட்டற எடத்துல நான் போனக் கீழ வெச்சிட்டேன்." ஐந்து ஏன் போடவில்லை என்று கேட்டேன். "அஞ்சு போட்டா அடுத்தது எழுத மாட்டாங்க" என்றார்.

என் விஷயம் வேறு. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஓர் அலுவலகத்தில் எனக்கு வேலை. மருத்துவக் காப்பீடு கேட்டு வரும் காகிதங்களைப் படித்துச் சரிபார்க்க வேண்டும். யாருக்கு எந்த உறுப்பில் எத்தனை நாளாக வலி, எந்தத் தேதியில் அறுவை, எந்தத் தேதியில் வீட்டுக்குப் போனார் அல்லது போகவில்லை என்று காலை ஒன்பதிலிருந்து மாலை வரை திரையில் படித்துக்கொண்டே இருப்பேன். வீட்டுக்குத் திரும்பும் ஷேர் ஆட்டோவில் நானும் நாவல்தான் படித்தேன். அத்தைக்குப் பிடிக்காத வகை நாவல்கள். பணக்காரன் ஒருவன் ஒருத்தியைத் தூக்கிக்கொண்டு போய்க் கட்டாயமாகத் தாலி கட்டுவான். முப்பதாவது அத்தியாயத்தில் அவள் அவனை மன்னித்துவிடுவாள். அவையெல்லாம் அபத்தம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த உலகத்தில் யாரும் பாத்திரம் தேய்ப்பதில்லை, யாருக்கும் மறுநாள் காலை ஆறு மணிக்கு அலாரம் அடிப்பதில்லை. அது போதுமாக இருந்தது. முடிக்காமலே ஐந்து நட்சத்திரம் போட்டுவிட்டு இறங்கிவிடுவேன். ஒன்றைப் பற்றி நல்லது கெட்டது சொல்லக்கூடத் தெம்பு வேண்டும். அந்தத் தெம்பு அந்த நாட்களில் அத்தையிடம்தான் இருந்தது.

அந்த நாட்கள் என்று நான் சொல்வது, என் கணவர் ஹைதராபாத்தில் இருந்த இரண்டரை வருடங்கள். மென்பொருள் நிறுவனத்தில் வேலை. அங்கே மாற்றினார்கள். முதலில் மாதம் ஒருமுறை வந்தார், பிறகு பண்டிகைக்கு மட்டும். எங்களுக்குக் குழந்தை இல்லை. அதற்காக அலைந்ததும் ஒரு கட்டத்தில் நின்றுவிட்டது. ஒரு சனிக்கிழமை காலை நான் மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது போனில் அழைத்தார். அங்கே ஒரு பெண்ணோடு சேர்ந்து வாழ்வதாகச் சொன்னார். எட்டு மாதமாகிறது என்றார். அம்மாவிடம் நீயே சொல்லிவிடு, என்னால் முடியாது என்றும் சொன்னார். பக்கெட்டில் மீதியிருந்த துணியையும் காயப்போட்டுவிட்டுத்தான் கீழே இறங்கினேன்.

அத்தை அடுப்படியில் இருந்தார். சொன்னேன். அடுப்பை அணைத்தார். "எத்தினி நாளா?" என்றார். எட்டு மாதம் என்றேன். விரலை மடக்கி எண்ணினார். "அப்ப தீபாவளிக்கு வந்தப்பவே" என்று மட்டும் சொன்னார். தீபாவளிக்கு வந்தபோது மகனுக்குப் பிடிக்குமென்று மூன்று நாள் விதவிதமாகச் சமைத்தார், அதை நினைத்திருக்கலாம். அன்றைக்குப் பிறகு அவர் என் முன்னால் மகனைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ ஒரு வார்த்தை பேசவில்லை. தர்மபுரியிலிருந்து என் அம்மா, கிளம்பி வந்துவிடு என்றார். வேலை இங்கேதானே என்று சொல்லித் தட்டிக் கழித்தேன். உண்மையில் கிளம்புவதற்குக்கூட அலுப்பாக இருந்தது. நான் அத்தையுடன் தங்கியிருக்கிறேனா, அத்தை என்னுடன் தங்கியிருக்கிறாரா என்பதை இருவருமே பேசவில்லை. காலையில் எனக்கு டப்பா கட்டிக் கொடுப்பார். மாலையில் நான் காய் வாங்கி வருவேன். ஞாயிற்றுக்கிழமை அவர் சொல்ல நான் அடிப்பேன்.

அப்படி ஒரு வருடத்துக்கு மேல் போனது. அந்தச் சமயத்தில் ஒரு தொடர்கதை வாரம் இரண்டு அத்தியாயமாக வந்துகொண்டிருந்தது. நிறையப் பேர் படித்தார்கள். கட்டிய மனைவியை விட்டு இன்னொருத்தியோடு வெளிநாடு போனவன், மூன்று வருடம் கழித்து மனம் திருந்தித் திரும்பி வருகிறான். இருவரும் தனித்தனியாக அதைப் படித்தோம். அத்தை நாற்காலியில், நான் ஷேர் ஆட்டோவில். நான் படிக்கிறேன் என்று அவரிடம் சொல்லவில்லை. அவருக்குத் தெரியும் என்றே நினைக்கிறேன். கடைசி அத்தியாயத்தில் அவன் வாசலில் நிற்கிறான், மழை பெய்கிறது, அவள் ஆரத்தித் தட்டோடு வருகிறாள். அந்த ஞாயிறு அத்தை போனை நீட்டியபோது அவர் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டேன்.

"அடி" என்றார். பிறகு நிதானமாக, தையல் பிரிப்பது போல ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். "அவன் அங்க அழுதான் அழுதான்னு பத்து அத்தியாயம் எழுதிகீறீங்க. அவன் இல்லாதப்ப அந்தப் பொண்ணு எப்டி இருந்துச்சின்னு ஒரு பக்கம் இல்ல. காலைல எழுந்துச்சா, சாப்ட்டுச்சா, யாராச்சும் இன்னாம்மான்னு கேட்டாங்களா, ஒண்ணும் இல்ல. மூணு வருசம் கதவாண்டயே நின்னுக்கினு இருந்தாப்ல எழுதிகீறீங்க. அவ அவனத் திரும்ப சேத்துக்கினது தப்பு. ஒரு ஸ்டார்."

'தப்பு' என்பதை மூன்று முறை தவறாக அடித்து அழித்தேன். போட்டுவிட்டேன் என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். ஒன்றரை வருடத்தில் யாரும் என்னிடம் சொல்லாத ஒன்றை, அவர் முன்பின் தெரியாத ஓர் எழுத்தாளரிடம் சொல்லியிருந்தார். அது எனக்காகவே சொன்னது என்று எடுத்துக்கொண்டேன். அந்தக் கருத்துக்குக் கீழே ஏராளமான பெண்கள் தங்கள் கதையையும் எழுதினார்கள். அவற்றை நான் அலுவலகச் சாப்பாட்டு இடைவேளையில் ஒவ்வொன்றாகப் படித்தேன். பல மாதங்களுக்குப் பிறகு அந்த வாரம்தான் நன்றாகத் தூங்கினேன்.

இரண்டு மாதம்கூட ஆகியிருக்காது. ஹைதராபாத்தில் அந்தப் பெண் அவரை விட்டுப் போய்விட்டாள். என் கணவர் அம்மாவை அழைத்துப் பேச ஆரம்பித்தார். அத்தை போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். அந்த வாரம் கருத்துச் சொல்லவும் இல்லை, எதையும் படித்த மாதிரியும் தெரியவில்லை. மறு ஞாயிறு காலை முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் பேசினார்.

"அவன் வரேன்றான்."

உருவிப் போட்ட காம்புகளை நான் பொறுக்கி ஒதுக்கினேன்.

"ஒடம்பு பாதியா பூட்டானாம். தப்பு பண்ணிட்டேன், அவளாண்ட சொல்லும்மான்றான். நீ கொஞ்சம் மனசு வெச்சின்னா சேத்துக்கலாம். இனிமே அவன் அப்டி போவ மாட்டான்."

எனக்கு முதலில் வந்தது கோபம்கூட இல்லை, ஒரு அயர்ச்சி. மாடிப்படி ஏறி முடித்துவிட்டோம் என்று நினைத்துக் காலை வைத்தால் இன்னும் ஒரு மாடி இருக்கிற மாதிரி. "நீங்கதானே அத்தை அன்னைக்கு ஒரு ஸ்டார் போட்டீங்க" என்றேன். "சேத்துக்கிட்டது தப்புன்னு நான்தானே அடிச்சேன்."

கீரையை உருவும் கை நின்றது. பிறகு, "கதைல வர்றவன் எவளோ பெத்த புள்ளம்மா" என்றார்.

அந்த வரியின் நியாயம் எனக்கு அப்போதே புரிந்தது, புரிந்ததாலேயே வலித்தது. இத்தனை நாள் குதிரைக்குத் தண்ணீர் கேட்டவர், மயக்கம் போட்டவளுக்கு ரத்தம் கேட்டவர், என் விஷயத்தில் மட்டும் கதாநாயகனின் அழுகையைக் கேட்டுவிட்டாரே என்று இருந்தது. எழுந்து போய் மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்தேன். வெயில் ஏறியபின்தான் இறங்கினேன். கீரை பொரியலாகி மூடி வைக்கப்பட்டிருந்தது. இருவரும் அதைப் போட்டுச் சாப்பிட்டோம்.

அடுத்த வாரம் என் கணவர் வந்தார். காலை ரயிலில் வந்து சென்ட்ரலில் இறங்கி, அங்கிருந்து மின்சார ரயில் பிடித்து வந்திருந்தார். உண்மையிலேயே இளைத்துத்தான் இருந்தார். செருப்பை எங்கே கழற்றுவது என்று தெரியாத விருந்தாளி போல வாசலில் நின்றார். அத்தை தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு அடுப்படிக் கதவோரம் நின்றுகொண்டார். என் கணவர் பேசினார், அழுதார். பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பேசிய எல்லாமே அவருக்கு அங்கே என்ன நடந்தது என்பதுதான். அரை மணி நேரத்தில் ஒரு முறையாவது, நீ எப்படி இருந்தாய் என்று கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்கவில்லை.

"என்னால முடியாது" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அத்தையைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, புடவைத் தலைப்பில் பிரிந்திருந்த ஓர் இழையை அந்தக் காய்த்த விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

என் கணவர் வேலையை மாற்றிக்கொண்டு சென்னைக்கே வந்துவிட்டார். திருநின்றவூரில் ஏரிப் பக்கமாக ஒரு வாடகை வீடு பார்த்தார். அத்தை அவருடன் போனார். போகிறேன் என்று என்னிடம் சொன்னது ஒரு புதன்கிழமை, நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது. "அவனுக்கு ஆக்கிப் போட ஆளு இல்ல. நீ பொழச்சிக்குவ" என்றார். அதைப் பாராட்டாகத்தான் சொன்னார். எனக்கு அது பாராட்டாகக் கேட்கவில்லை. பிழைத்துக்கொள்வார்கள் என்று தெரிந்தவர்களைத்தான் எல்லாரும் விட்டுவிட்டுப் போகிறார்கள் என்று ஷேர் ஆட்டோவில் நினைத்துக்கொண்டே போனேன். அந்த வாரக் கடைசியில் அவருடைய இரண்டு பெட்டிகளையும் தையல் இயந்திரத்தையும் ஏற்ற நானும் உதவினேன். இயந்திரத்தின் காலைப் பிடித்துப் படியிறக்கும்போது, "பாத்து, வெரலு" என்றார்.

பிறகு, நான் வாடகை கொடுத்துவந்த அந்த வீடு முழுக்க எனக்கே இருந்தது. நினைத்த நேரத்தில் தூங்கினேன், கிடைத்ததைச் சாப்பிட்டேன். மாதக்கணக்கில் எந்த நாவலும் படிக்கவில்லை. ஒரு மாலை, ஏதோ தோன்றி அத்தையின் கணக்கைத் தேடிப் பார்த்தேன். வீட்டை விட்டுப் போகும் முன் அவர் கடைசியாகச் சொல்லி நான் அடித்த கருத்துக்குப் பிறகு புதிதாக ஒன்றும் இல்லை. கீழே நாலைந்து பேர், டெய்லர் அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா, ஏன் ஆளைக் காணோம் என்று கேட்டிருந்தார்கள். அவருக்கு அடித்துக் கொடுக்க அங்கே ஆள் இல்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. மகனிடம் கேட்டிருக்க மாட்டார். கேட்டிருந்தால் மகன் அதை எழுத்துத் தமிழில் திருத்தி அடித்துக் கொடுத்திருப்பார்.

மறுநாள் போன் செய்தேன். எடுத்ததும், "இன்னாம்மா" என்றார், நேற்றுப் பேசி வைத்த மாதிரி. ஏதாவது படிக்கிறீர்களா என்று கேட்டேன். படித்துக்கொண்டுதான் இருக்கிறாராம். "பதினாலு கதை சேந்து போச்சி. மறந்துடுவேன்னு காலண்டர் பின்னாடி ஸ்டார மட்டும் கிறுக்கி வெச்சிகீறேன்." போனிலேயே சொல்லுங்கள், நான் எழுதிக்கொள்கிறேன் என்றேன். அவன் வீட்டில் இருக்கிறான், வேண்டாம் என்றார். அவர் திருமுல்லைவாயிலுக்கு வர மாட்டார். நான் திருநின்றவூருக்குப் போக மாட்டேன். இரண்டுக்கும் நடுவில் ஆவடி இருந்தது.

அதனால் இப்போது மாதத்தில் இரண்டு ஞாயிறு, காலை பத்து மணி வாக்கில், ஆவடி ரயில் நிலையத்து நடைமேடையில் சந்திக்கிறோம். மாதக் கடைசியில் பயணிகள் குறைவு, பெஞ்சு கிடைத்துவிடும். இல்லாவிட்டால் படிக்கட்டில் உட்கார்ந்துகொள்வோம். வண்டிச் சத்தத்தில் அவர் சொல்வது பாதி கேட்காது, திரும்பச் சொல்லச் சொல்வேன். திரும்பச் சொல்லும்போது சில சமயம் ஒரு நட்சத்திரம் கூடும், சில சமயம் குறையும். பழைய வேகம் அவரிடம் இல்லை. படித்துக்கொண்டே தூங்கிவிடுகிறேன் என்கிறார். ஒரு கதையைப் பாதியில் விட்டுவிட்டதாகச் சொன்னார். அப்படி அவர் விட்டதே இல்லை. "எல்லாரும் ஒரே கதைய எழுதறாங்களா, இல்ல நான் ஒரே கதைய படிக்கிறனா, தெரியல" என்றார். கதாநாயகர்கள் இப்போதும் கம்பெனிக்குப் போவதில்லை. மகன் எப்படி இருக்கிறார் என்று நான் கேட்பதில்லை. விவாகரத்துக்காக நானும் அவர் மகனும் சேர்ந்து பூந்தமல்லி கோர்ட்டில் மனு போட்டிருப்பது அத்தைக்குத் தெரியும், அவரும் கேட்பதில்லை.

போன மாதம் மூன்று கதைகளுக்குக் கருத்துச் சொல்லி முடித்தார். எல்லாம் இரண்டு இரண்டு நட்சத்திரம். நான் போனைத் திருப்பிக் கொடுத்ததும் பையில் வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"உன்னாண்ட ஒண்ணு சொல்லணும்" என்றார். "அன்னிக்கி அவன சேத்துக்கோன்னு உன்னக் கேட்டனே. அது தப்பு."

"விடுங்க அத்தை. அதெல்லாம் ஆச்சு."

"விட்றதுக்கில்ல, கேளு. தப்புன்னு கேக்கும்போதே தெரியும். தெரிஞ்சிதான் கேட்டேன்." எதிர்த் தண்டவாளத்தில் நிற்காத வண்டி ஒன்று போனது. அது போய் முடிகிறவரை காத்திருந்தார். "நாளைக்கே அந்த மாதிரி நெலம வந்தாலும் மறுபடியும் கேப்பேன். பெத்துட்டேன், கேக்காம இருக்க முடியாது. நீயும் முடியாதுன்னுதான் சொல்லணும்."

"சொல்றேன் அத்தை" என்றேன்.

தலையாட்டினார். அவருடைய வண்டிதான் முதலில் வந்தது. பெண்கள் பெட்டி சற்றுத் தள்ளி நின்றதால் வேகமாக நடக்க வேண்டியிருந்தது. பையை நான் வாங்கிக்கொண்டு கூடவே நடந்தேன். ஏறி, உட்கார இடம் இருக்கிறதா என்று பார்த்து, ஒரு ஓரத்தில் உட்கார்ந்து, கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். வண்டி நகர்வதற்குள் படிக்க ஆரம்பித்திருந்தார். என் வண்டிக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது. திரும்பிப் போய் அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்துகொண்டேன்.